உன் அம்மாவின் இருபது நிமிஷம்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. நான் முதல் ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவிவிட்டு, உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். புனே சாப்பாடு, அறை நண்பன், ஆபீஸ் பஸ் எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில், தியானம் பழக ஆரம்பித்திருப்பதாக எழுதியிருந்தாய். காலையில் அரை மணி நேரம் உட்காருகிறாய், கால் மரத்துப்போகிறது, கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிடுகிறது, தூக்கம் வராத அன்றைக்கு நினைப்பு நாலாபக்கமும் ஓடுகிறது, இது எனக்குச் சரிப்பட்டு வராது போலிருக்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். அந்த 'அரை மணி நேரம்' என்ற இடத்தில் நான் படிப்பதை ஒரு விநாடி நிறுத்தினேன். நீ ஆரம்பித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. எனக்கு அரை மணி நேரம் உட்கார எட்டு மாதம் பிடித்தது. நெஞ்சுக்குள் சுருக்கென்று ஒன்று தைத்தது. பெற்ற மகன்மேல் பொறாமைப்படுகிற அப்பனைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். சந்தோஷமும் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது.

உன் அம்மாவையே பதில் எழுதச் சொன்னேன். அவள் கீரையிலிருந்து தலை நிமிராமல், "நீங்களே எழுதுங்க. இதுல எங்கெங்க தடுக்கி விழலாமோ அங்கெல்லாம் விழுந்து எழுந்தது நீங்கதான்" என்றாள். அது உண்மை. அதனால் எழுதுகிறேன். இதில் சில விஷயங்கள் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேறு மாதிரி சொல்லப்பட்டவை. இப்போது உனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது, நடந்தது நடந்தபடி தெரியட்டும்.

நீ அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தாய். மூக்கண்டப்பள்ளியில் ஷீட் போட்ட வீடுகள் ஆறு வரிசையாக இருக்குமே, அதில் நாம் நாலாவது வீடு. எனக்கு அப்போது கிரைண்டிங் மெஷினில் வேலை. வீட்டுக்கு வந்தபிறகும் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். தலைவலி தாங்காமல் கம்பெனி டாக்டரிடம் போனேன். பிரஷர் ஏறியிருக்கிறது, மாத்திரை மட்டும் போதாது, மனசை அமைதியாக வைத்துக்கொள்ளப் பழகு என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் நஞ்சப்பா சாரைப் பற்றித் தெரிந்தது. டெலிபோன் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்திப்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஓசூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் முப்பது பேருக்குத் தியானம் சொல்லிக்கொடுப்பார். தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அதைக் கவனி, வேறு ஒன்றும் பண்ணாதே என்பார். "சும்னே கூத்கோ" என்று முடிப்பார். சும்மா உட்கார் என்பதைக் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள். அந்தச் சும்மா எனக்கு வரவே இல்லை.

நீ எழுதியிருக்கிற கால் விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வலியைத் தாங்கிக்கொண்டு அசையாமல் இருப்பதுதான் தியானம் என்று நான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் வீறாப்பாக எழுந்தவன், கால் இருக்கிற இடமே தெரியாமல் முன்னால் இருந்தவர் மேல் விழுந்தேன். நஞ்சப்பா சார் ஒரு போர்வையை நாலாக மடித்து என் இடுப்புக்குக் கீழே வைத்தார். முட்டி தரையைப் பார்த்து இறங்கியது, வலி பாதியாகிவிட்டது. மீறி வலித்தால் மெதுவாகக் காலை மாற்றிக்கொள்ளச் சொன்னார். நீயும் அப்படியே செய், யாரும் உனக்கு மார்க் போடப் போவதில்லை. தூக்கமும் அப்படித்தான். நான் நைட் ஷிப்ட் முடித்து வந்து, இட்லியைச் சாப்பிட்டுவிட்டு உட்காருவேன். தூங்காமல் என்ன செய்வேன்? போய் முதலில் தூங்கு, தூங்கி எழுந்து முகம் கழுவிவிட்டு உட்கார் என்று அவர் சொன்னபோது, இவ்வளவுதானா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. நினைப்புகளோடு நான் போட்ட சண்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்று மாதம் கழித்து உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு நல்லது என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். உண்மையில், நான் எப்படி உட்காருகிறேன் என்பதை அவள் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவள் சுவர் ஓரமாகப் பெண்களோடு உட்கார்ந்தாள். இருபது நிமிஷம் கழித்து மணி அடித்தது. எல்லோரும் உடம்பை நெளித்து, கொட்டாவி விட்டு, காலை நீட்டினோம். உன் அம்மா மட்டும் அசையவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து மெதுவாகக் கண்ணைத் திறந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கீழே சைக்கிள் கடையில் விளையாடிக்கொண்டிருந்த உன் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். நஞ்சப்பா சார் எல்லோருக்கும் கேட்கும்படி, அந்த அம்மா நன்றாக உட்கார்ந்தார்கள் என்றார். மூன்று மாதத்தில் என்னைப் பார்த்து அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. காலையில் ஐந்தரைக்கு முன் அறையில் இருவரும் உட்காருவோம். நான் கவனிக்க வேண்டியது என் மூச்சை. நான் கவனித்தது அவளை. ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். என்னைப் பற்றிய கவலை, உன்னைப் பற்றிய கவலை, ரேஷன் கடைக் கவலை எதுவுமே இல்லாத ஒரு முகம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்குக் கொடுக்காத எதையோ அவள் வேறு எங்கேயோ போய் வாங்கிக்கொண்டு வருகிறாள் என்று தோன்றியது. சந்தேகப்படுகிற புருஷன் பெண்டாட்டியின் பின்னாலேயே தெருத் தெருவாகப் போவதைப் போல, நான் மூடிய கண்ணோடு அவள் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். போய்ச் சேரும் இடம் மட்டும் தெரியவில்லை.

ஆறு மாதம் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாருக்காவது ஏதாவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள் என்றார் நஞ்சப்பா சார். உன் அம்மா பேசிவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். நெற்றிக்கு நடுவில் நீல நிறமாக ஒரு வெளிச்சம் தெரிகிறது, அது பெரிதாகிப் பெரிதாகி உடம்பே இல்லாதது போல ஆகிவிடுகிறது என்று சொன்னேன். எங்கிருந்து அந்த நீலம் வந்தது என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது, வெல்டிங் ஷாப்பில் பார்த்ததாக இருக்கலாம். முப்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உன் அம்மாவும் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் அவள் என்னிடம் கேட்டதெல்லாம், கொத்தமல்லி வாங்க வேண்டும், கடைப் பக்கமாகப் போகலாமா என்பதுதான். அடுத்த வாரத்திலிருந்து புதிதாக வருகிறவர்கள் என்னைத் தேடி வந்து சந்தேகம் கேட்டார்கள். நானும் பதில் சொன்னேன்.

வெளியில் பெரிய ஆள், வீட்டில் பொறாமைக்காரன். அவள் உட்காரும் நேரத்தில் நான் எழுந்து ரேடியோ போடுவேன். டம்ளரைக் கீழே போடுவேன். கம்பெனிச் சங்கு ஊதும்போது அவள் புருவம் சுருங்குகிறதா என்று பார்ப்பேன், சுருங்காது. நீ ஆறாவது போனபோது காலையில் உன் ஜாமெட்ரி பாக்ஸ் அடிக்கடி காணாமல் போகுமே, ஞாபகம் இருக்கிறதா? அலமாரிக்கு மேலே நான்தான் எடுத்து வைப்பேன். நீ அழ ஆரம்பித்ததும், "அம்மாவைப் போய்க் கேளு" என்று உன்னை முன் அறைக்கு அனுப்புவேன். நீ தோளைப் பிடித்து உலுக்குவாய். அவள் கண்ணைத் திறந்து, கோபப்படாமல் எழுந்து தேடித் தருவாள். கோபப்பட்டிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு பொய் சொன்னேன். நைட் ஷிப்ட் என்று நான் வகுப்புக்குப் போகாத ஒரு வாரம் அவளும் போகவில்லை. அடுத்த வாரம் நான் மட்டும் போய்விட்டு வந்து, குடும்பத்துப் பெண்கள் இதை வீட்டில் தினமும் செய்யக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று நஞ்சப்பா சார் சொன்னார் என்றேன். பிள்ளைக்கு ஆகாது என்று சேர்த்தேன், ஏனென்றால் அதற்கு மேல் அவள் கேள்வி கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் முன் அறையில் விரித்திருந்த பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாள் இருந்தது.

ஒன்றரை வருஷம் அவள் உட்காரவில்லை. வகுப்புக்கும் வரவில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாள். நீ தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துவிட்டாய் என்று உன்னை முதுகில் அடித்தாளே, அம்மா இப்படி அடித்ததே இல்லை என்று நீ என்னிடம் வந்து அழுதாயே, அந்த அடி என்னுடையது. எனக்கும் தியானம் செத்துவிட்டது. போட்டிக்கு ஆள் இல்லாதபோது எனக்கு உட்காரவே தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் நீல வெளிச்சத்துக்காரனாக உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

நீ ஏழாவது முடித்த கோடை லீவில், கிருஷ்ணகிரி பெரியம்மா வீட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனாளே, நீ அதை லீவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாய். ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனவள் மூன்று வாரமாகியும் வரவில்லை. அத்தனை நாளும் ஷிப்ட் இடித்து வகுப்புக்குப் போகாதவன், அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன், நஞ்சப்பா சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவை அவர் பார்த்திருக்கிறார். ஏனம்மா வருவதே இல்லை என்று கேட்டிருக்கிறார். நீங்கள்தானே கூடாது என்று சொன்னீர்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். "நான் யாருக்கும் அப்படிச் சொல்லலையே" என்று என்னிடம் அவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. அவர் அவளைப் பார்த்தது கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நீங்கள் இருவரும் காத்துக்கொண்டிருந்த அன்றைக்கு.

அங்கிருந்து நேராக பஸ் ஏறினேன். மாங்காய் சீசன். உன் பெரியம்மா மாம்பழக் கூழ் எடுக்கிற கம்பெனியில் பழம் நறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், உன் அம்மாவும் அவளோடு சேர்ந்து போக ஆரம்பித்திருந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று சொல்லி அனுப்பினேன். நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. தப்பு பண்ணிவிட்டேன் என்றேன். அதற்கப்புறம் நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்க வந்தவன், இத்தனை நாள் மனசில் அரித்துக்கொண்டிருந்ததைத்தான் கேட்டேன். "கண்ணை மூடினா உனக்கு என்ன தெரியுது?"

அவள் என்னையே பார்த்தாள். "மூடின கண்ணுக்குள்ள என்ன தெரியும், இருட்டுதான். நினைப்பு வரும். மாவு புளிச்சிருக்குமா, பையனுக்குச் சட்டை காஞ்சிருக்குமான்னு வரும். வந்துட்டுப் போகட்டும்னு மறுபடி மூச்சைப் பார்ப்பேன். திரும்பவும் வரும். அவ்வளவுதான்."

"பின்ன ஏன் அப்படி அசையாம உட்கார்ந்திருந்த?"

"அந்த இருபது நிமிஷம்தான் என்னை யாரும் எதுவும் கேட்கல" என்றாள். "அதையும் எடுத்துக்கிட்டீங்க."

நான் இத்தனை நாள் பொறாமைப்பட்டது ஏதோ ஒரு சொர்க்கத்தைப் பார்த்து என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் எனக்கு வந்த அதே நினைப்புகள்தான் வந்திருக்கின்றன, சொல்லப்போனால் இன்னும் அதிகமாக. நான் அவற்றோடு மல்லுக்கு நின்றேன். ஒரு நினைப்பு வந்தால் ஐயோ வந்துவிட்டதே என்று இன்னொரு நினைப்பு, அவளுக்கு வருமா என்று மூன்றாவது. அவள் வந்ததை வரவிட்டு, போனதைப் போகவிட்டு, திரும்ப மூச்சுக்கு வந்தாள். நூறு முறை தவறிப்போனால் நூறு முறை திரும்பி வருவது. அந்தத் திரும்பி வருவதுதான் பயிற்சியே. நீ அதைத் தோல்வி என்று எண்ணிக்கொண்டிருக்கிறாய், நானும் அப்படித்தான் எண்ணினேன்.

அவள் என்னோடு வரச் சம்மதித்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள். அந்த வெளிச்சத்தைப் பற்றி அங்கே போய்ச் சொல்லிவிட வேண்டும். "நீங்க சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும். அன்னிக்குக் காலையில வீட்டுல நீங்க உட்கார்ந்த நேரம் பூரா குறட்டை விட்டீங்க" என்றாள். தெரிந்தும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அதற்காகவும் எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடை மாடியில் எழுந்து நின்று, எனக்கு எந்த வெளிச்சமும் தெரிந்ததில்லை, பொய் சொன்னேன் என்றேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் எழுந்து போய்விட்டார். வகுப்பு முடிந்ததும் நஞ்சப்பா சார், அன்வரிடமும் போய்ச் சொல்லிவிடு என்றார். அன்வர் வாணியம்பாடிப் பக்கத்துக்காரர், ஹீட் ட்ரீட்மெண்ட் செக்ஷனில் வேலை, அடுப்புச் சூட்டில் நின்று நின்று தூக்கமே வராமல் வகுப்புக்கு வந்தவர். நான் நீலம் என்று பேசிய பிறகு நாலு மாதம் வந்து, தனக்கு ஒன்றும் தெரியவில்லை, தனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று நின்றுவிட்டார். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அவரைப் பிடித்துச் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் கையிலிருந்த டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களைப் பார்த்து எவ்வளவு வயிறு எரிஞ்சேன் தெரியுமா" என்றார். பிறகு பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். மறுபடி வகுப்புக்கு அவர் வரவே இல்லை. என்னால் சரிசெய்ய முடியாமல் போனது அது ஒன்று. யாராவது அது தெரிந்தது இது தெரிந்தது என்று உன்னிடம் சொன்னால், உண்மையாகவே இருந்தாலும், நீ அதைத் தேடிக்கொண்டு போகாதே.

அதற்கப்புறம் காலை ஐந்தரையிலிருந்து இருபது நிமிஷம் முன் அறைக் கதவு சாத்தியிருக்கும். பால்காரர், நீ, பக்கத்து வீடு, எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்வேன். அவள் எழுந்து வந்தபிறகு நான் போய்ப் பத்து நிமிஷம் உட்காருவேன், தனியாக. பார்க்க ஆளில்லாமல் உட்கார்ந்தபோதுதான் கொஞ்சமாவது உட்கார வந்தது. அதனால் உனக்குச் சொல்கிறேன், அரை மணி நேரத்தை விட்டுவிடு. அது உனக்கு வேண்டியதில்லை, அது அறை நண்பனுக்குக் காட்டுவதற்காக. பத்து நிமிஷம் போதும், தினமும் ஒரே நேரத்தில். நன்றாக இருந்ததா என்று எழுந்ததும் கணக்குப் பார்க்காதே. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் உட்கார்.

இனி இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மழைக்காலத்தில் உன் அம்மாவுக்கு முட்டி வீங்கி, தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் பாதியிலேயே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "காலைத் தொங்கப்போட்டா வேற யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு. தூங்கித் தூங்கி விழறேன். நீங்க ஆரம்பத்துல எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் இதைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை தம்பி. அந்தக் கேள்வியை ஒருநாள் முழுக்க வைத்து அனுபவிக்க வேண்டியிருந்தது. சாயந்தரம் வந்து சொன்னேன். பாதத்துக்குக் கீழே பலகை போடு, முதுகைச் சாய்க்காதே, புதிதாக ஆரம்பிக்கிறவள் மாதிரி பத்து நிமிஷம் மட்டும் உட்கார் என்று. மறுநாள் அப்படியே செய்தாள். பத்து நிமிஷம் ஆனதும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். சொன்ன நேரம் தாண்டியும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்லிக்கொடுத்தவன் நான், எனக்கு இன்னும் அப்படி வந்ததில்லை. மறுபடியும் சுருக்கென்றது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

உனக்கும் ஒரு காலை அது அமையும். அமைந்ததும் எனக்கு எழுதாதே, அம்மாவுக்குத் தனித்தாளில் எழுதி உள்ளே மடித்து வை. அவள் என்னிடம் சொல்ல மாட்டாள். நான் எப்படியும் எடுத்துப் படித்துவிடுவேன். அதற்கப்புறம் எனக்கு ஒரு வாரம் கொடு. ஒரு வாரத்துக்குள் சந்தோஷப்பட்டுவிடுவேன்.

அப்பா